சும்மா பட்டன்

சட்டைக்குத்தான் பட்டன் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. பட்டனுக்கும் ஒரு சட்டை உண்டு, அதைக் கழற்றுவதுதான் என் பிழைப்பு.

வெப் பக்கத்தில் ஒரு பட்டனை வைத்துப் பாருங்கள். நீங்கள் கேட்காமலே பிரௌசர் அதற்கு ஒரு சாம்பல் நிறச் சட்டையை மாட்டிவிடும். சுற்றிலும் ஒரு கோடு, உள்ளே கொஞ்சம் இடைவெளி, பக்கத்து எழுத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பொடி எழுத்து. ஒரு பிரௌசரில் மூலை கூராக இருக்கும், இன்னொன்றில் உருண்டையாக இருக்கும். சில போன்களில் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று நிற்கும். டிசைனர் வரைந்து கொடுத்ததோ வேறு. அதனால் முதலில் உள்ளதையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் புதிதாக உடுத்த வேண்டும். இந்த வேலை பார்க்கிறவர் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். வாருங்கள், உட்காருங்கள், நீங்களும் நம்ம ஆள்தான்.

வங்காளத்தில் பெஹாலா என்ற ஊர்ப்பக்கம், ஒரு மிட்டாய்க் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் ஆறு பேர், அதில் தமிழ் நான் ஒருத்தி. பெயர் கோமதி; இங்கே எல்லோருக்கும் 'கொமொத்தி'. பன்னிரண்டு வருஷமாகப் பட்டன் உரிக்கிறேன். கீழே சொல்லப் போகிறதெல்லாம் சிரிப்புக்குத்தான், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில், ஷிப்ராதி என்கிற ஒரு அம்மாவின் நாற்காலி நான் எழுதிய ஒரே ஒரு வரியால் போக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

வீட்டில் விளக்கம்

அப்பா சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் இருந்து ரிட்டயர் ஆனவர். நாற்பது வருஷம் வங்காளத்தில் இருந்தும் அவர் பேச்சில் திருநெல்வேலி ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பின்னால் வந்து நின்று, என்ன செய்கிறாய் என்று கேட்டார். திரையைக் காட்டி விளக்கினேன். இதோ பாருங்கள், இது பிரௌசர் போட்ட நிறம், எடுத்துவிட்டேன். இது பிரௌசர் போட்ட கோடு, எடுத்துவிட்டேன். இது பிரௌசர் போட்ட எழுத்து, இதையும் எடுத்துவிட்டேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. "ஏட்டி, கழத்துததுதான் உனக்குச் சோலியா? நாங்க யார்டுல ஒரு பெட்டியக் கழத்தினோம்னா, சிவப்புக் கொடிய வச்சிட்டுத்தாம்ட்டி அடுத்த வேலையப் பாப்போம்."

முத்தம்

உரிக்கிற வரிகளை ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாக எழுத மாட்டோம். ஒரே இடத்தில் எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்து, வேண்டிய பட்டனுக்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டிவிடுவோம். என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்தேன். இந்தப் பட்டனுக்கு நிறம் இல்லை, கரை இல்லை, பந்தா இல்லை. அது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது. சரி என்று 'சும்மா' என்றே வைத்துவிட்டேன். ஆங்கில எழுத்தில், சி, ஹெச் என்று ஆரம்பித்து. நம் சும்மாவுக்கு ஈடான ஒரு சொல் வேறு எந்த பாஷையில் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்! எனக்கு ஒரே பெருமை.

இரண்டு நாள் கழித்து ஆபீசுக்குள் நுழைகிறேன், எங்கள் டிசைனர் மௌமிதா மேஜையில் கவிழ்ந்து கிடந்து சிரிக்கிறாள். பக்கத்தில் முதலாளி சுபீர்தா (இங்கே பெயரோடு 'தா' சேர்த்தால் அண்ணன், 'தி' சேர்த்தால் அக்கா) காது சிவக்க நிற்கிறார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஹிந்தியில் அந்த எழுத்துக் கூட்டுக்கு முத்தம் என்று அர்த்தம், வங்காளிகளுக்கும் அது நன்றாகவே புரியும். ஐயையோ! ஒன்றில்லை இரண்டில்லை, கைவசம் இருந்த அத்தனை பக்கத்திலும் அத்தனை பட்டனுக்கும் முத்தம் கொடுத்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்று, பல் டாக்டரிடம் நேரம் கேட்கிற பட்டன்.

நான் தமிழ் அர்த்தத்தை எடுத்துச் சொன்னேன். வேலை இல்லாமல் இருந்தால் சும்மா, காரணம் இல்லாமல் செய்தால் சும்மா, வாயை மூடு என்றாலும் சும்மா இரு. சுபீர்தா பொறுமையாகக் கேட்டார். மாற்றுவதென்றால் எல்லாப் பக்கத்திலும் மாற்ற வேண்டும், உள்ளே எட்டிப் பார்த்து யார் படிக்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டோம். போகும்போது அவர் சொன்னது: "சரி கொமொத்தி, இருக்கட்டும். காரணமே இல்லாம முத்தம் கொடுக்கற பாஷை ஒண்ணு இருக்குன்னு இன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்."

பட்டனைக் காணோம்

கிடர்பூரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். துறைமுகத்துக்கு வருகிற சரக்குக்கு கஸ்டம்ஸ் காகிதம் தயார் செய்கிற இடம். வெளியே லாரி, கைவண்டி, ஹாரன். உள்ளே காகிதம், அதன் மேல் காகிதம், அதன் மேல் மேலாளர் கோஷால்பாபுவின் மூக்குக்கண்ணாடி. அந்தக் காகிதத்தையெல்லாம் திரைக்குக் கொண்டுவருகிற வேலை எங்களுக்குக் கிடைத்தது. மௌமிதா வரைந்ததில் பட்டன் என்றால் வெறும் எழுத்து, அவ்வளவுதான். நானும் சும்மாவை ஒட்டி, சுத்தமாக உரித்துக் கொடுத்தேன். முதல் நாள் கோஷால்பாபு தலைப்பைத் தட்டினார், தேதியைத் தட்டினார், தன் ஆபீஸ் பெயரையே இரண்டு தரம் தட்டினார். பட்டனை மட்டும் தட்டவில்லை. மௌமிதாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மெல்லிய கோடு வாங்கிச் சுற்றிலும் போட்டேன்.

அதே அறையில் ஜன்னலோரம் ஷிப்ராதி. இருபத்தாறு வருஷமாக அதே ஆபீஸ், அதே நாற்காலி. சில வருஷம் முன்னால் வாசலில் ஒரு கைவண்டி மோதி வலது மணிக்கட்டு உடைந்து, ஒழுங்காகக் கூடவில்லை. மவுஸைப் பிடித்தால் கை நடுங்கும். அதனால் எல்லாமே கீபோர்டில்தான். டேப் கீயைத் தட்டினால் திரையில் அடுத்த இடத்துக்குப் போகலாம் இல்லையா, அப்படியே தட்டித் தட்டிப் போய், வேண்டிய இடத்தில் என்டர். ஒற்றை இடது கையால் அவர் தட்டுகிற வேகத்துக்கு என் இரண்டு கையும் ஈடு கொடுக்காது.

கோஷால்பாபு என்னை ஓரமாக அழைத்தார். புதுப் பக்கத்தில் ஒரு மாதம் பார்ப்போம், ஒத்துவராதவர்களைக் கோடவுன் ரிஜிஸ்டருக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லி, கண்ணால் ஜன்னல் பக்கம் காட்டினார். கோடவுன் என்றால் டாக்கை ஒட்டிய தகரக் கொட்டகை. மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல். அவர் ரகசியமாகத்தான் சொன்னார், ஆனால் ஷிப்ராதிக்குக் காது நன்றாகக் கேட்கும். திரையில் இருந்து நிமிராமலே சொன்னார்: "எனக்கு மூட்டைத் தூசி ஒத்துக்காது. இப்பவே சொல்லிட்டேன்."

மதன்தாவின் நாற்பது தட்டு

கீழே மிட்டாய்க் கடை மதன்தாவுக்கும் ஆர்டர் எடுக்க ஒரு பக்கம் செய்து கொடுத்தோம். முகவரி போடுகிறவரை 'ஆர்டர் செய்' பட்டன் பூட்டியிருக்க வேண்டும். பூட்டின பட்டனைப் பிரௌசர் தானாகவே மங்கலாகக் காட்டும். அது செய்கிற ஒரே நல்ல காரியம் அது, அதையும் என் சும்மா உரித்துப் போட்டிருந்தது. பட்டன் பளிச்சென்று நிற்கிறது, தட்டினால் அசைய மாட்டேன் என்கிறது. மதன்தா சந்தேஷ் உருட்டின கையோடு நாற்பது தடவை தட்டியிருக்கிறார். போன் திரை பூரா பிசுபிசு. நான் இறங்கிப் போய் அந்தப் பக்கத்தில் மட்டும் மங்கல் நிறத்தைப் போட்டுக் கொடுத்தேன். சும்மாவிலேயே போட்டிருந்தால் எல்லா இடத்திலும் சரியாகியிருக்கும். சோம்பேறித்தனம், வேறென்ன. மதன்தா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கடை லீவுன்னா ஷட்டரை இறக்கணும் கொமொத்தி. விளக்கைப் போட்டுட்டு உள்ளே ஆள் இல்லைன்னா ஜனங்க திட்டத்தான் செய்வாங்க."

நீல வளையம்

டேப் கீயைத் தட்டி நகர்கிறவர்களுக்கு, இப்போது எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். அதற்காகப் பிரௌசர் அந்தப் பட்டனைச் சுற்றி ஒரு நீல வளையம் போடும். அவுட்லைன் என்று பெயர். மவுஸ் பிடிக்கிறவர்கள் கண்ணில் அது பெரும்பாலும் படவே படாது.

ஒரு நாள் கோஷால்பாபு போன் செய்தார். பட்டனைச் சுற்றி நீலமாக ஏதோ ஓடுகிறது, பார்க்க நன்றாக இல்லை, தன் திரையில் இல்லை, ஷிப்ராவின் திரையில் மட்டும்தான், வைரஸா என்று கேட்டார். எனக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். அந்த ஆபீசில் டேப் கீயால் நடமாடுகிறவர் ஷிப்ராதி ஒருவர்தானே! தட்டவில்லை. அன்றைக்கு எனக்கு வேறு இரண்டு பக்கம் முடிக்க வேண்டியிருந்தது. சும்மாவைத் திறந்தேன், அவுட்லைன் வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தேன், மூடினேன். இரண்டு விநாடி. நம் தொழிலில் பாதிப் பேர் இந்த வரியை எழுதியிருப்பீர்கள், என்னிடம் மறைக்காதீர்கள். பத்து நிமிஷத்தில் கோஷால்பாபு மறுபடி கூப்பிட்டார்: "பாஹ்! இப்பத்தான் ஷிப்ராவோட திரை சுத்தமா இருக்கு."

ஒன்று, இரண்டு, மூன்று

இரண்டு வாரம் போயிருக்கும். கோஷால்பாபு சுபீர்தாவைக் கூப்பிட்டுப் பாராட்டினார். பக்கம் அருமை, எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஷிப்ராவுக்குத்தான் சரிப்படவில்லை. முழுப் பாரத்தையும், அதாவது கஸ்டம்ஸ் படிவத்தை, நிரப்பி, அனுப்ப வேண்டிய நேரத்தில் அழித்துவிடுகிறார். மூன்று தரம் ஆகிவிட்டது. வயசாகிறது, பாவம். மாதக் கடைசியில் கோடவுன். சுபீர்தா போனை வைத்துவிட்டுச் சந்தோஷமாக டீ சொன்னார். எங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லையே! எனக்கு டீ இறங்கவில்லை. அந்த நீல வளையம் நினைவுக்கு வந்தது. பையை எடுத்துக்கொண்டு கிடர்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஷிப்ராதி பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு பாரத்தை நிரப்பினார். ஒரு தப்பு இல்லை. கடைசிக் கட்டம் முடிந்ததும் கீழே வரிசையாக நான்கு பட்டன்: பார்வையிடு, நகல் எடு, அனுப்பு, அழி. வளையம் இல்லாததால் எதில் நிற்கிறோம் என்று தெரியாது. அதனால் அவர் வாய்விட்டு எண்ணினார். ஏக், துய், தீன். மூன்றாவது தட்டில் அனுப்பு. என்டர். போயிற்று. இப்படி எண்ணி எண்ணியே இரண்டு வாரமாக நூற்றுக்கணக்கான பாரத்தை அனுப்பியிருக்கிறார், மனுஷி! பிறகு ஒரு பழைய வாடிக்கையாளரின் பாரம் வந்தது; அது எப்போதாவதுதான் வரும். பழைய ஆட்களுக்குப் பார்வையிடத் தேவையில்லை என்று முதல் பட்டனை நாங்கள் பூட்டி வைத்திருந்தோம். பூட்டின பட்டனில் டேப் நிற்காது, தாண்டிப் போய்விடும். பூட்டியிருக்கிறது என்று பார்த்தால் தெரியுமா என்றால், தெரியாது. அந்த மங்கலையும்தான் நான் உரித்துவிட்டேனே. ஏக், துய், தீன். மூன்றாவது தட்டில் இப்போது நின்றது 'அழி'யில். நான் சட்டென்று அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பட்டனைப் பார்த்தேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பிழை செய்தது அவர் என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்: "முன்னாடி ஒரு நீல வட்டம் கூடவே வந்துட்டிருந்துச்சு. யாரோ எடுத்துட்டாங்க. வேற வேலை இல்லாம சும்மா இருந்திருப்பாங்க."

திரையில்

சுபீர்தாவிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், ஆனால் முதலாளி. சத்தமில்லாமல் சரிசெய்துவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டன் சரியாகும் சுபீர்தா, மூன்று பாரத்தை அழித்தவர் என்ற பெயர் சரியாகுமா? மாதக் கடைசியில் அவரை எங்கே உட்கார வைப்பார்கள்? சுபீர்தா குடையை எடுத்துக்கொண்டு, வா போகலாம் என்றார். அந்த வேலை எங்கள் கையை விட்டுப் போனாலும் போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கோஷால்பாபுவின் அறையில் சுவரில் ஒரு பெரிய டி.வி. ஷிப்ராதி உட்பட ஐந்தாறு பேர். நான் பக்கத்தின் உள்பக்கத்தைத் திறந்து, அந்த வரியைப் பெரிதாக்கிக் காட்டி, அழித்தது ஷிப்ராதி இல்லை, நான் என்று சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், வரிக்கு மேலே கைநீளத்துக்கு நிற்கிறது பெயர். சி, ஹெச், யு. உள்ளே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டது! கோஷால்பாபு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அப்போ இந்த முத்தத்தால்தான் எங்கள் பாரம் போச்சா என்று கேட்டார். சுபீர்தா கூரையைப் பார்த்தார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலாம் போல இருந்தது.

ஆனாலும் கோஷால்பாபு முழுக்க நம்பவில்லை. கண் வைத்துப் பார்த்துச் செய்தால் தப்பு வராது என்றார். சரி, உட்காருங்கள் என்று மவுஸைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். பழைய வாடிக்கையாளர் பாரம் ஒன்றை அவரே நிரப்பினார். கண் வைத்துத்தான் பார்த்தார். டேப், டேப், டேப். நிமிர்ந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்டர். பாரம் மாயம். ஷிப்ராதி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கேட்டார்: "தூசி உங்களுக்கு ஒத்துக்குமா, கோஷால்பாபு?"

என்ன நிறம்?

வேலை கையை விட்டுப் போகவில்லை. கோடவுன் பேச்சையும் அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. கோஷால்பாபு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் ஷிப்ராதியின் மேஜைக்குத் தானே டீ கொண்டுபோய் வைத்தார் என்று கேள்விப்பட்டேன். நான் சும்மாவை முதலில் இருந்து எழுதினேன். பூட்டின பட்டன் மங்கலாகத் தெரியும். 'அழி'யைத் தட்டினால் நிஜமாகவா என்று ஒரு வார்த்தை கேட்கும். டேப் கீயால் வருகிறவர்களுக்கு மட்டும் வளையம், மவுஸ்காரர்களுக்கு இல்லை. பெயரையும் மாற்றிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மௌமிதா விடவில்லை.

வளையத்துக்கு நிறம் முடிவு செய்ய வேண்டும். அந்த நீலம்தான் கோஷால்பாபுவுக்குப் பிடிக்கவில்லையே, அதனால் கண்ணை உறுத்தாமல் இளஞ்சாம்பலாகப் போடலாமா என்று ஷிப்ராதியிடம் போனில் கேட்டேன். மறுமுனையில் கீபோர்டு சத்தம் நின்றது. "சிவப்பாப் போடு, தடிமனாப் போடு. நான் எங்க இருக்கேன்னு கோஷால்பாபுவுக்கும் தெரியட்டும்."

ஆக, பட்டனின் சட்டை, நிஜார், தொப்பி எல்லாவற்றையும் இன்றைக்கும் கூசாமல் கழற்றுகிறேன், அரைஞாண் கயிற்றில் மட்டும் கை வைப்பதில்லை.